ஏர்பேக் விளக்கு எரிந்தால் ஒயரைத் துண்டிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாலை விபத்து என்றால் கார் எவ்வளவு நசுங்கியது, எத்தனை பேர் உயிரிழந்தார்கள் என்று செய்தி வருகிறது. மோதலில் விரிந்து ஆளைக் காக்கும் காற்றுப் பையான ஏர்பேக் விரிந்ததா, விரியவில்லை என்றால் ஏன் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் ஓடும் கார்களில் பல, பட்டணத்தில் பத்து வருடம் ஓடி, இரண்டு மூன்று கை மாறி நம்மிடம் வந்தவை. வாங்கும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறோம். ஏர்கோன் குளிர்கிறதா, கியர் சரியாக விழுகிறதா என்று பார்க்கிறோம். உயிரைக் காக்க வேண்டிய ஏர்பேக்கையும் சீட் பெல்ட்டையும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வாகன மின்பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், வாசகர்கள் தாங்களே செய்துபார்க்கக்கூடிய சோதனைகளையும் பட்டறையில் கேட்டுச் செய்துகொள்ள வேண்டிய வேலைகளையும் எழுதுகிறேன்.

முதலில் மீட்டரில் இருக்கும் சிவப்பு விளக்கு. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், அவர் முன்னால் ஒரு வட்டம். அதுதான் ஏர்பேக்கின் அடையாளம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஓன்’ வரைக்கும் மட்டும் திருப்புங்கள். பொத்தான் வைத்த கார் என்றால், பிரேக்கை மிதிக்காமல் இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலானவற்றில் அந்த நிலை வரும். விளக்கு எரிந்து, ஏறத்தாழ 6 விநாடியில் தானாக அணைய வேண்டும். அந்தச் சில விநாடிகளில் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு பையின் மின்சுற்றையும், சென்சார்களையும், சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கருவியையும் சோதித்துக்கொள்கிறது. அணையாமல் எரிந்தாலோ விட்டுவிட்டு மினுக்கினாலோ கோளாறு இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பல கார்களில் ஒரு பைகூட விரியாது. விளக்கு எரியவே இல்லை என்றால் அதுதான் மிக மோசம். அதை யாரோ மறைத்திருக்கலாம்.

மறைப்பது எளிது. மீட்டரைக் கழற்றி பல்பை எடுத்துவிடுகிறார்கள், அல்லது அடையாளத்தின் பின்னால் கறுப்பு டேப் ஒட்டிவிடுகிறார்கள். இன்னும் சாமர்த்தியமாகச் செய்பவர்கள், அந்த விளக்கின் ஒயரை எஞ்சின் ஆயில் விளக்கோடு சேர்த்துவிடுகிறார்கள். சாவி போட்டதும் எரியும், எஞ்சின் ஓடியதும் அணையும். வாங்குகிறவருக்குச் சந்தேகமே வராது. இதைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்டார்ட் செய்யாமல் பார்க்கச் சொன்னேன். எஞ்சின் ஓடாத நிலையில் ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும், ஏர்பேக் விளக்கு மட்டும் அணைந்துவிட வேண்டும். அதுவும் சேர்ந்து எரிந்துகொண்டிருந்து, ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கோடு ஒரே நொடியில் அணைந்தால் அந்தக் காரை வாங்காதீர்கள்.

இதைவிட ஆழமான ஏமாற்றும் உண்டு. ஏர்பேக்கைப் பற்றவைக்கும் திரியில் மெல்லிய ஒரு கம்பி இருக்கிறது. அதன் மின்தடை ஏறத்தாழ 2 ஓம். கட்டுப்பாட்டுப் பெட்டி இந்த அளவை வைத்துத்தான் பை இணைப்பில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்கிறது. வெடித்துப்போன பைக்குப் பதிலாக அதே அளவு ரெசிஸ்டர் ஒன்றை கனெக்டரில் செருகிவிட்டால் பெட்டி ஏமாந்துபோகும். விளக்கு ஒழுங்காக 6 விநாடியில் அணையும். ஸ்டேரிங் மூடிக்குள் பை இருக்காது. ரெசிஸ்டரின் விலை சில காசு. இந்த வேலையைச் செய்து தரச் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளரும், செய்து தரும் பட்டறையும் அடுத்து அந்தக் காரில் யார் உட்காரப்போகிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

இத்தனைக்கும், விளக்கு எரிவதற்கான காரணங்களில் பல சாதாரணமானவை. முன் இருக்கைகளின் அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் இருக்கும். ஏர்பேக் ஒயர்களுக்கு மஞ்சள்தான் நிறம். பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். இருக்கைக்கு அடியில் குடை, தண்ணீர்ப் போத்தல், பிள்ளைகளின் காலணி என்று திணித்து வைத்து, இருக்கையை முன்னும் பின்னும் தள்ளும்போது அந்தக் கனெக்டர் தளர்ந்துவிடும். கார் கழுவும் கடையில் தூசி உறிஞ்சும் குழாய் மாட்டி இழுத்தாலும் இதே கதைதான். அடியில் இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, விளக்குப் பிடித்துப் பாருங்கள். ஆனால் சாவி ‘ஓன்’ நிலையில் இருக்கும்போது அந்தக் கனெக்டரைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. அப்படிச் செய்தால் புதிதாக ஒரு கோளாறு பதிவாகும். பிறகு இணைப்பு சரியானாலும் ஸ்கேனரில் அழிக்கும்வரை பல கார்களில் விளக்கு அணையாது.

அடுத்து, ஸ்டேரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங். ஸ்டேரிங் சுற்றும்போது அதற்கும் காரின் உடலுக்கும் இடையே மின்இணைப்பு அறுந்துவிடாமல் வைத்திருக்கும் சுருள் பட்டை அது. ஏர்பேக் விளக்கு எரிகிறது, கூடவே ஹார்ன் அடிக்கவில்லை, ஸ்டேரிங்கில் உள்ள ரேடியோ பொத்தான்களும் வேலை செய்யவில்லை என்றால் பழுது அதில்தான் இருக்கும். திருப்பும்போது காகிதம் உரசுவதுபோல் சத்தம் வந்தாலும் அதைச் சந்தேகிக்கலாம். புதிது மாட்டும்போது நம் பட்டறை மெக்கானிக்குகளான போர்மேன்கள் பலர் தவறுவது ஒரே இடத்தில். முன் சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். கிளாக் ஸ்பிரிங்கும் நடு நிலையில் இருக்க வேண்டும். அதை ஒரு பக்கமாக இறுகும்வரை மெதுவாகத் திருப்பி, பிறகு மறுபக்கம் முழுவதும் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி, அதில் பாதியில் நிறுத்தி, அம்புக்குறிகளை நேர்படுத்தி மாட்ட வேண்டும். நடு பார்க்காமல் மாட்டினால், முழுதாக ஒடித்துத் திருப்பும் முதல் நாளே பட்டை அறுந்துவிடும். சாமான் மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

பேட்டரி பலவீனமாகி மின்அழுத்தம் இறங்கினாலும் விளக்கு எரியும். எந்தக் காரணம் என்று ஊகிக்க வேண்டியதில்லை, ஸ்கேனர் சொல்லிவிடும். ஆனால் இணையத்தில் மலிவாக விற்கும் சின்ன ஸ்கேனர்களில் பல, எஞ்சின் கோளாறுகளை மட்டுமே படிக்கும். பட்டறைக்குப் போனால் “எஸ்ஆர்எஸ் படிக்குமா?” என்று கேளுங்கள்; ஏர்பேக் அமைப்புக்கு அதுதான் பெயர். கோளாறுக் குறியை அழிப்பதற்கு முன் அது என்ன என்று எழுதித் தரச் சொல்லுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் அழித்துவிட்டால் விளக்கு சில நாளில் திரும்ப எரியும், அதற்குள் நீங்கள் கொடுத்த காசு போயிருக்கும்.

வீட்டு வாசலில் வைத்தே ஸ்டேரிங்கைக் கழற்றும் இளைஞர்களைப் பார்க்கிறோம். காணொளியைப் பார்த்துத் துணிகிறார்கள். ஏர்பேக் என்பது வெடிமருந்து வைத்த பாகம். மோதலை உணர்ந்த ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் விரிந்து முடித்துவிடும். கையை எடுக்க நேரம் இருக்காது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றி, குறைந்தது 3 நிமிடம் காத்திருக்க வேண்டும். மோதலில் பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கொஞ்சம் மின்சாரம் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது வடிவதற்குத்தான் அந்த நேரம். சில நிறுவனங்கள் கையேட்டில் இன்னும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அதைத்தான் கடைப்பிடிக்க வேண்டும். பையின் முனைகளில் மல்டிமீட்டரையோ டெஸ்ட் லேம்ப்பையோ ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து பாயும் சிறு மின்சாரமே பற்றவைத்துவிடலாம். கழற்றிய பையைத் தூக்கிச் செல்லும்போது அதன் மூடி உங்கள் உடலுக்கு எதிர்ப்புறம் பார்த்திருக்க வேண்டும். கீழே வைக்கும்போது மூடி மேலே பார்த்திருக்க வேண்டும், அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது. கவிழ்த்து வைத்த பை வெடித்தால் அந்த உலோகப் பாகம் முழுவதும் கூரைக்குப் பறக்கும். மஞ்சள் ஒயரில் ஒட்டுப்போட்டு எந்தக் கூடுதல் இணைப்பும் எடுக்காதீர்கள். அலாரம், டேஷ் கேமரா மாட்டுகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது மலேசியா போன்ற நாடுகளில் கூடுதலாக உள்ள ஆபத்துக்கு வருகிறேன். தக்காத்தா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக்குகள் உலக அளவில் பத்துக் கோடி அளவில் திரும்பப் பெறப்பட்டன. வாகன வரலாற்றிலேயே இதுதான் மிகப் பெரிய திரும்பப்பெறல். 2017 ஜூனில் அந்த நிறுவனம் திவாலானது. பையை ஊதவைக்கும் வாயுவுக்கு அது அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது; பல வகைகளில் ஈரத்தை உறிஞ்சும் பொருளைச் சேர்க்கவில்லை. உர மூட்டையைத் திறந்தபடி போட்டால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து எப்படி ஆகிவிடுகிறது என்று தோட்டத்தில் உரம் போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏர்பேக்குக்குள்ளும் அதுவே நடக்கிறது. பகல் வெயிலில் கார் கொதிக்கிறது, இரவில் குளிர்கிறது. இது வருடக்கணக்கில் தொடரும்போது அந்த மருந்துக் கட்டிகள் கட்டுக்குலைகின்றன. பிறகு மோதலின்போது அளவாக எரிய வேண்டியது ஒரேயடியாக எரிந்து, உலோகக் குடுவையையே கிழித்து, சில்லுகளை ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் செலுத்துகிறது. சூடும் ஈரமும் நிறைந்த நாடுகளில்தான் இது வேகமாக நடக்கும். நம்முடையது அப்படிப்பட்ட நாடு. அதிலும் கூரை இல்லாத இடத்தில் வருடம் முழுவதும் நிற்கும் தோட்டப்புறக் கார்களை நினைத்துப் பாருங்கள்.

2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படித்தான் உயிரிழந்தார். அமெரிக்காவுக்கு வெளியே பதிவான முதல் மரணம் அது. 2016இலும் இந்த நாட்டில் உயிர்கள் போயின. ஹோண்டா சிட்டி, சிவிக், ஜாஸ், அக்கார்ட், சிஆர்வி, டொயோட்டா வியோஸ், அல்திஸ் என்று நம் ஊரில் அன்றாடம் பார்க்கும் கார்களின் குறிப்பிட்ட ஆண்டு வகைகள் திரும்பப்பெறும் பட்டியலில் இருக்கின்றன. வேறு நிறுவனங்களின் கார்களும் உண்டு. மாற்றித் தருவது இலவசம். கார் எத்தனை கை மாறியிருந்தாலும், வேறு எங்கே சர்வீஸ் செய்துவந்திருந்தாலும் இலவசம்தான். ஒன்றிரண்டு மணி நேர வேலை.

பிறகு ஏன் இன்னும் மாற்றாத கார்கள் ஓடுகின்றன? நிறுவனம் அனுப்பும் கடிதம், அதன் பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் போகிறது. அது கோலாலம்பூரில் முதலில் வாங்கியவரின் முகவரியாக இருக்கும். நம் பக்கத்துக்காரர் பெயரிலேயே பதிவு இருந்தாலும், பழைய தோட்ட முகவரியாக இருந்தால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். தோட்டத்து லயத்தைக் காலி செய்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபோனவர்களின் கடிதம் யார் கையில் சேரும்? ஆகவே கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். காரின் கிராண்டை (பதிவுச் சான்றிதழை) எடுங்கள். அதில் சேசிஸ் எண் இருக்கும். பெரும்பாலான கார்களில் 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. கார் நிறுவனத்தின் இணையத்தளத்தில் அதைப் பதிந்தால் உங்கள் கார் பட்டியலில் இருக்கிறதா என்று உடனே தெரியும். இணையம் பழக்கமில்லாதவர்கள் சர்வீஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிக் கேட்கலாம். பார்க்கும்போது ‘ஓ’ எழுத்தையும் சுழியத்தையும் குழப்பிவிடாதீர்கள். சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது. “ஏற்கெனவே ஒரு முறை மாற்றியாகிவிட்டது” என்பவர்களும் மறுபடி பார்க்க வேண்டும். ஆரம்ப வருடங்களில் சில கார்களுக்கு அதே வகைப் பாகத்தையே புதிதாகப் போட்டுக் கொடுத்து, பிறகு இரண்டாம் முறை மாற்ற அழைத்தார்கள். ஓட்டுநர் பக்கம் மாற்றியிருந்து, பயணி பக்கம் பாக்கி இருப்பதும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விபத்தில் பை வெடித்த காருக்கு பழைய கார்களை வெட்டிப் பாகங்களாக விற்கும் ஹாஃப் கட் கடையிலிருந்து பழைய ஸ்டேரிங்கைப் பையோடு வாங்கி மாட்டுகிறார்கள். அந்தப் பை எந்தக் காரிலிருந்து வந்தது, அது பட்டியலில் உள்ள காரா என்று உங்கள் சேசிஸ் எண் சொல்லாது. இணையத்தளம் ‘பிரச்சினை இல்லை’ என்று காட்டும், உள்ளே தக்காத்தாவின் பழைய பை உட்கார்ந்திருக்கும். ஆகவே ஹாஃப் கட்டில் எஞ்சின் வாங்குங்கள், கதவு வாங்குங்கள்; ஏர்பேக் மட்டும் வாங்காதீர்கள். விபத்தில் பை விரிந்த காரைச் சரியாகப் பழுதுபார்ப்பது என்றால் பை, கட்டுப்பாட்டுப் பெட்டி, சுருங்கி இறுகிய சீட் பெல்ட்டுகள், கையேடு சொல்லும் முன்பக்கச் சென்சார்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். செலவு அதிகம்தான். அதனால்தான் காப்புறுதி நிறுவனங்கள் பல கார்களை ‘டோட்டல் லாஸ்’ என்று ஒதுக்கிவிடுகின்றன, அவற்றில் சில மலிவாகச் சரிசெய்யப்பட்டு மறுபடி விற்பனைக்கு வருகின்றன.

அப்படிப்பட்ட காரை அடையாளம் காண டேஷ்போர்டின் பயணி பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பை விரிந்தால் அந்த இடம் பிளந்துவிடும். மலிவுப் பழுதில் அதைப் பசையிட்டு ஒட்டி, மேலே செயற்கைத் தோல் போர்த்திவிடுவார்கள். எஸ்ஆர்எஸ் என்ற எழுத்துப் பதிவு மங்கியோ, கோணலாகவோ, காணாமலோ இருக்கும். அந்தப் பகுதியின் நிறமும் சொரசொரப்பும் மற்ற இடத்தோடு ஒத்துப்போகாது. அடியில் நல்ல பை இருந்தாலும்கூட அந்த ஒட்டுக்குமேல் கிழித்துக்கொண்டு வர முடியாது. பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் கார் தேறிவிட்டது என்பதை ஆறுதலாகக் கொள்ள வேண்டாம். அங்கே ஏர்பேக்கைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களும் நம்மிடம்தான் வந்து சேர்கின்றன. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் கியர் பக்கத்து நடு மேட்டில், தரையை ஒட்டி இருக்கிறது. மஞ்சள் கனெக்டர்கள் இருக்கைக்கு அடியில். தண்ணீர் அரை அடி ஏறினாலே கனெக்டர்கள் நனைந்துவிடும். காய்ந்த பிறகு சில மாதம் எல்லாம் சரியாக ஓடும், பிறகு பச்சை பூத்து அரிக்கத் தொடங்கும். இதற்கு ஒரு சோதனை போதும். சீட் பெல்ட்டை முழுவதும், கடைசி முழம்வரை இழுங்கள். சுருளுக்குள்ளேயே இருந்த அந்தக் கடைசிப் பகுதியில் மண் நிறத்தில் ஒரு கோடோ, பூஞ்சை வாடையோ இருந்தால் அது வெள்ளம் பார்த்த கார். இருக்கையைத் துவைக்கலாம், கம்பளத்தை மாற்றலாம். பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் கழுவப் பலருக்குத் தோன்றுவதில்லை. இழுத்த கையோடு பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டையும் பாருங்கள். தயாரித்த தேதி அதில் இருக்கும். காரின் ஆண்டோடு பொருந்தவில்லை, ஒரு பெல்ட்டின் ஆண்டு மற்றவற்றோடு ஒத்துவரவில்லை என்றால், அந்தப் பக்கம் விபத்தில் அடிபட்டிருக்கலாம் என்று விசாரியுங்கள்.

சீட் பெல்ட்டைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏர்பேக் அதற்குத் துணைதான். எஸ்ஆர்எஸ் என்பதில் முதல் எழுத்தே ‘துணை’ என்பதைத்தான் குறிக்கிறது. பெல்ட் போடாதவர் பிரேக் போட்டவுடனேயே முன்னால் சரிந்து, பை சீறிக்கொண்டு விரியும் நேரத்தில் அதன்மேலேயே போய் விழுகிறார். காக்க வேண்டிய பையே அப்போது கழுத்தை முறிக்கலாம். பெல்ட் போட்டவரும் ஸ்டேரிங்கின் நடுவிலிருந்து நெஞ்செலும்புவரை குறைந்தது 25 செண்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். கால் எட்டாத உயரம் குறைந்தவர்கள் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாலும், முதுகுச் சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் அந்த இடைவெளி கிடைக்கும். கைகள் கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் இருக்கட்டும். ஸ்டேரிங்கின் உச்சியில் ஒரு கையை மட்டும் போட்டு ஓட்டினால், பை விரியும்போது அந்தக் கை முகத்தில்தான் வந்து அடிக்கும்.

பெல்ட் மெதுவாகச் சுருங்குகிறது, கதவில் மாட்டிக்கொள்கிறது என்ற புகார் அதிகம். பெரும்பாலும் ஸ்பிரிங் பழுதாக இருக்காது. தூணில் பெல்ட் நுழைந்து வரும் வளையத்தில் வியர்வையும் தூசியும் பிசுக்காகப் படிந்திருக்கும். ஈரத்துணியால் வளையத்தின் உட்பக்கத்தைத் துடையுங்கள். பெல்ட்டை முழுவதும் இழுத்து, கிளிப் போட்டு நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்பு கலந்து துடைத்து, நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். குளோரோக்ஸ், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் கூடாது, நூலிழை வலுவிழந்துவிடும். ஓரம் பிசிறடித்திருந்தாலோ, வெட்டு இருந்தாலோ, ஒரே இடத்தில் நிறம் வெளுத்து மொடமொடப்பாக இருந்தாலோ முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும், தையல் போடக் கூடாது. பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் இருக்கையிலும் இதைச் செய்துபாருங்கள். பக்கிளுக்குள் காசு, பிஸ்கட் தூள் விழுந்து சரியாகப் பூட்டாமல் இருந்தால் தலைகீழாகத் தட்டி அல்லது காற்றடித்து எடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசி இன்னும் ஒட்டும்.

எச்சரிக்கை ஓசையை நிறுத்துவதற்காக பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் போலிக் கொக்கியைச் செருகி வைப்பவர்கள் கவனிக்க வேண்டும். சில கார்களில், பெல்ட் போட்டிருக்கிறதா என்ற தகவலை வைத்துத்தான் எந்த வேகத்தில் பை விரிய வேண்டும் என்று கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவெடுக்கிறது. கொக்கி பொய் சொன்னால் பெட்டியின் முடிவும் தவறாகும்.

பின்னிருக்கைப் பெல்ட் 2009 ஜனவரி 1 முதல் சட்டப்படி கட்டாயம். நம் கார்களிலோ இருக்கை உறை தைத்துப் போடும்போதே பின்னால் உள்ள பக்கிள்கள் அடியில் புதைந்துவிடுகின்றன. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஒரு சின்ன காரில் ஏழு பேர் ஏறினால் பெல்ட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. உறையைக் கழற்றி, பக்கிள்களை வெளியே எடுத்து, அவற்றுக்குத் துவாரம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். முன்னிருக்கையின் ஓரத்தில் ஏர்பேக் என்ற துணிச்சீட்டு தைத்திருந்தால் பக்கவாட்டுப் பை அங்கே இருக்கிறது. அந்த இருக்கைக்குச் சாதாரண உறை போட்டால் பை வெளியே வர வழியில்லை. பக்கம் திறந்திருக்கும் உறைதான் வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பவர் மோதலில் முன்னிருக்கையின் மேல் வந்து விழுந்து, ஓட்டுநரையும் சேர்த்து நசுக்குகிறார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். பின்பக்கம் பார்க்கும்படி வைக்கும் கைக்குழந்தை இருக்கையை, ஏர்பேக் உள்ள முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்காதீர்கள். பை விரிந்தால் குழந்தையின் தலைக்குப் பின்னால் நேராக வந்து இடிக்கும். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன்னால் உட்காருவது அதைவிட மோசம். தாய்க்கும் பைக்கும் நடுவில் அகப்படுவது குழந்தைதான். டேஷ்போர்டில் பயணி பக்க மூடியின் மேல் பிள்ளையார் சிலை, வாசனைப் போத்தல், போன் பிடிப்பான் எதுவும் வேண்டாம். சிலையை ஓட்டுநருக்கும் பயணிக்கும் நடுவே, பை விரியும் பாதைக்கு வெளியே தாழ்வாக ஒட்டிக்கொள்ளலாம்.

தோட்டங்களில் ஓடும் பிக்அப் வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு பொருத்தினால், மோதலின் அதிர்வு சென்சாருக்குப் போய்ச் சேரும் விதமே மாறிவிடுகிறது. தேவையில்லாதபோது பை விரியலாம், தேவைப்படும்போது தாமதமாகலாம். பம்பர் பகுதியில் தட்டி நிமிர்த்தும் வேலை செய்தால், முன்பக்கச் சென்சாரின் தாங்கி வளையாமல் இருக்கிறதா, அம்புக்குறி சரியான திசை பார்க்கிறதா என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும்.

பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கைப் பற்றிச் சுருக்கமாக. செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் ஓடும் கார்களுக்குச் சக்கரத்தின் உட்பக்கச் சென்சாரில் செம்மண் அப்பிக்கொள்வதாலேயே அந்த விளக்கு பல நேரம் எரிகிறது. சக்கரத்தைக் கழற்றி, சென்சாரையும் பல் வளையத்தையும் கழுவித் துடைத்தாலே சரியாகிவிடும். ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும்; கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் ஓட்டாதீர்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள். டயரின் ஓரத்தில் உள்ள தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு எண்கள், அது தயாரான வாரமும் வருடமும். 3519 என்றால் 2019இன் 35ஆவது வாரம். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் மழையில் எந்தப் பாதுகாப்புக் கருவியாலும் காரை நிறுத்த முடியாது.

பை விரிந்த காரில் புகைபோல் வெண்தூள் பரவும். தீப்பிடித்துவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். பையை மடித்து வைக்கும்போது போடும் தூளும் எரிந்த வாயுவின் மிச்சமும்தான் அது. ஜன்னலைத் திறந்து வெளியேறுங்கள், கண்ணையும் கையையும் கழுவுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களை முதலில் வெளியே கொண்டுவாருங்கள். விரியாத பை உள்ள பழைய காரைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுகிறவர்கள், பை இருப்பதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அதைத் தீயில் போடுவதும், கேஸ் வைத்து வெட்டுவதும் ஆளைக் கொல்லும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கார் நிறுவனங்கள் வெளியிடும் திரும்பப்பெறும் அறிவிப்புகள் மலாய், ஆங்கில ஏடுகளில் வருகின்றன. தோட்டப்புறத்தில் தமிழ் ஏட்டை மட்டும் படிக்கும் பெரியவர்களுக்கு அவை எட்டுவதில்லை. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் முன்னால், எந்த வகைக் கார், எந்த ஆண்டு, சேசிஸ் எண்ணை எங்கே பதிவது, எந்த எண்ணுக்கு அழைப்பது என்ற நான்கு விவரங்களை ஒரு கட்டத்துக்குள் போட்டு வெளியிடுங்கள். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் அதைப் படியெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். கூட்டம் கூடும் நாளில் கைபேசி பழகிய இளைஞர்கள் இருவர் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால், கிராண்டோடு வருகிறவர்களின் சேசிஸ் எண்ணை அங்கேயே பதிந்து பார்த்துச் சொல்லிவிடலாம். அந்த மேசையில் உட்காருகிறவர்களுக்கு எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர நான் வருகிறேன்.

இப்படிக்கு,
வாகன மின்பழுது தொழில்நுட்பர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்